முடிந்து வைத்த புல்: சவ்வாது மலையடிவாரத்தில் துணிவும் காப்பும்

தமிழர் வீரத்தைப் பற்றி எழுதப்பட்ட நூல்கள் பல. தமிழர் எச்சரிக்கையைப் பற்றி எழுதப்பட்ட நூல்கள் மிகச் சில. வீரம் பாடப்படும் அளவுக்கு விழிப்பு பாடப்படுவதில்லை. அஞ்சாமை ஆண்மைக்கு அணி எனப் போற்றப்பட்டது. முன்னறிந்து காத்துக்கொள்ளுதல் முதியோர் இயல்பென ஒதுக்கப்பட்டது. ஆயினும் பழைய இலக்கியங்களைக் கூர்ந்து நோக்குவார்க்கு வேறொரு காட்சி புலப்படும். துணிந்து செல்லும் இளையோனும் அவனுக்கு வழியின் இடரை எடுத்துரைக்கும் மூத்தோனும் ஒரே பாட்டில் அடுத்தடுத்து நிற்பதைக் காணலாம். அவ்விருவரும் பகைவரல்லர்.

திருப்பத்தூரையும் அதனைச் சூழ்ந்த ஏலகிரி, சவ்வாது மலை அடிவாரங்களையும் கொண்ட நிலப்பகுதி இவ்வுண்மைக்குச் சிறந்த சான்றாகும். ஆட்சி எல்லைகள் பலமுறை மாறிய மண் இது. 1792இல் பாரமகால் ஆங்கிலேயர் கைக்கு வந்தபோது அலெக்சாண்டர் ரீடு திருப்பத்தூரையே தம் தலைமையிடமாகக் கொண்டார். பின்னர்ச் சேலம் மாவட்டத்தில் இருந்த இவ்வட்டம் 1911இல் வட ஆர்க்காட்டுடன் இணைந்தது. 1989இல் அம்மாவட்டம் இரண்டாயிற்று. 2019 நவம்பர் 28இல் திருப்பத்தூர் தனி மாவட்டமாகச் செயற்படத் தொடங்கியது. பெயர்ப் பலகைகள் மாறினும் மலையும் மாடும் மாறவில்லை. மலையேறும் இளைஞனும், மாட்டின் முன் நிற்கும் இளைஞனும் மாறவில்லை. அவ்விளைஞரைக் காக்கும் பொறுப்பு யாருடையது என்னும் வினாவும் மாறவில்லை.

நன்னன் மலையின் வழிச்சொல்

பத்துப்பாட்டின் இறுதியில் நிற்பது மலைபடுகடாம். 583 அடிகள் கொண்ட இப்பாட்டுக்குக் கூத்தராற்றுப்படை என்றும் பெயருண்டு. பாடியவர் பெருங்கௌசிகனார். பாடப்பெற்றவன் செங்கண்மாவை ஆண்ட நன்னன் சேய் நன்னன். செங்கண்மா இன்றைய செங்கம். திருப்பத்தூரிலிருந்து திருவண்ணாமலை செல்லும் வழியில் உள்ள ஊர். பாட்டில் வரும் நவிரமலையைப் பர்வதமலை என்றும், சேயாற்றைச் செய்யாறு என்றும் அறிஞர் அடையாளம் கண்டுள்ளனர். ஆகவே இது இம்மலைத் தொடரின் பாட்டு. இம்மண்ணின் முதற் பயணநூல் என்றே கொள்ளலாம்.

பரிசில் பெற்றுத் திரும்பும் கூத்தன், எதிர்ப்படும் மற்றொரு கூத்தனுக்கு வழி கூறுகிறான். ஆற்றுப்படை நூல்கள் அனைத்திலும் இவ்வமைப்பு உண்டு. ஆனால் வழியின் இடர்களை இத்துணை விரிவாக அடுக்கிச் சொல்லும் நூல் மலைபடுகடாம் ஒன்றே எனலாம். தினைப்புனத்தை அழிக்கும் பன்றிகளுக்காகக் கற்பொறிகள் வைக்கப்பட்டிருக்கும். ஆதலால் இருளில் செல்லாது விடிந்தபின் செல்லவேண்டும். பாம்பு ஒடுங்கிய குழிகள் உண்டு, பார்த்து நடக்கவேண்டும். பரண்மேலிருந்து யானையை விரட்டுவோர் எறியும் கவண்கல் உயிரைக் குடிக்கும். மரங்களின் மறைவில் ஒதுங்கிக் கடக்கவேண்டும். பாசி படர்ந்த கரை வழுக்கும். மூங்கிலைப் பற்றிக்கொள்ள வேண்டும். காட்டாற்றின் வழுக்குநிலத்தில் பின்னிய கொடியைப் பற்றி இறங்கவேண்டும். வழி தவறினால் அகன்ற பாறைமேல் கூடி இசைக்கருவிகளை முழக்கினால் போதும். காடு காக்கும் கானவர் ஓசை கேட்டு வந்து வழிகாட்டுவர்.

இவ்வறிவுரைகளில் எதுவும் "செல்லாதே" என்று தடுப்பதில்லை என்பது நோக்கத்தக்கது. மலை இடர் மிக்கது, எனினும் ஏறத்தக்கது. பொறியிருக்கும் இடத்தைச் சொன்னவன் பயணத்தைத் தடுத்தவனல்லன்; பயணம் நிறைவேறத் துணைநின்றவன். எச்சரிக்கை, அச்சத்தின் மொழியாக அன்றி, அன்பின் மொழியாக இங்கு ஒலிக்கின்றது.

இவற்றுள் ஒரு குறிப்பு எல்லாவற்றினும் அரியது. வழிகள் பிரியும் கவலைகளில், சரியான வழியைத் துடைத்துவிட்டு, பின்வருவோர் அறியுமாறு புல்லை முடிந்து வைத்துச் செல்லுங்கள் என்கிறான் முன்சென்ற கூத்தன். தான் கடந்ததோடு கடமை முடியவில்லை. பின்னே வருபவன் முன்பின் அறியாதவனாக இருக்கலாம். அவனுக்காகக் குனிந்து ஒரு பிடிப் புல்லை முடிய வேண்டும். அஞ்சாது மலையேறியவனுக்கு அதற்கும் நேரம் இருந்தது.

கல்லில் நின்ற இளைஞர்

அதே பாட்டு வழியோரத்து நடுகற்களையும் காட்டுகின்றது. புறமிடாது நின்று மடிந்த மறவரின் பெயர் பொறித்த கற்கள் அவை. அவற்றின்முன் யாழிசைத்து வழிபட்டுச் செல்லுமாறு கூத்தர்க்குச் சொல்லப்படுகின்றது. இலக்கியம் சொன்ன அக்கற்களின் பின்னோரைச் செங்கம் வட்டாரத்து வயல்களிலும் ஏரிக்கரைகளிலும் தொல்லியலார் கண்டெடுத்தனர். தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை இரா. நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1972இல் வெளியிட்ட "செங்கம் நடுகற்கள்" என்னும் தொகுதி, பல்லவர் காலத்து வட்டெழுத்துக் கற்கள் பலவற்றை உலகறியச் செய்தது.

இக்கற்களில் பேரரசர் பெயர் ஆண்டைக் குறிக்கும் அளவுக்கே வரும். மடிந்தவன் ஓர் ஊர் இளைஞன்; அவன் மடிந்த காரணம் பெரும்பாலும் மாடு. தொறு என்பது ஆநிரை. தொறு கொண்டபோதோ தொறு மீட்டபோதோ பட்டான் என்பதே பல கற்களின் செய்தி. எடுத்தனூர்க் கல்லோ, நிரைகாத்து நின்ற வீரனோடு அவனுடைய நாயையும் பதிவு செய்துள்ளது. கோவிவன் என்பது அந்நாயின் பெயர். கள்ளரைக் கடித்துத் தலைவனுக்குத் துணைநின்ற நாய்க்கும் கல்லில் இடமளித்த ஊர், உயிரின் அருமையை அறிந்த ஊராகத்தான் இருந்திருக்கவேண்டும்.

நடுகல் வீரத்தின் கொண்டாட்டம் மட்டுமன்று. அது ஓர் இழப்பின் கணக்கு. இன்னான் இவ்விடத்தில் இக்காரணத்தால் மடிந்தான் என ஊர் எழுதிவைத்த குறிப்பு. சேலம் மாவட்டத்துக் கருவந்துறைக் கல் இதனை இன்னும் கூர்மையாக உணர்த்தும். கோவுரிச் சங்கன் என்பவன் கருவந்துறையில் எருது விளையாடிப் பட்டான் என்றும், அவன் மகன் அக்கல்லை நடுவித்தான் என்றும் அது கூறுகின்றது. விளையாட்டும் சாவும் ஒரே தொடரில் அடுத்தடுத்து நிற்கின்றன. தந்தை விளையாடச் சென்றான். மகன் கல் நட்டான். புகழ்மொழி ஒன்றும் அதில் இல்லை. மாடு எப்படிப் பாய்ந்தது, ஊர் எப்படி ஆர்த்தது என்பவையெல்லாம் மறைந்துபோயின. எஞ்சியது ஒரு மகனின் கணக்கு மட்டுமே. எருது விளையாட்டைப் பற்றிய வரலாறு எதுவும் அம்மகனின் பார்வையை விட்டுவிட்டு எழுதப்படுமாயின் அது பாதி வரலாறே.

தொழுவும் வீதியும்

எருதோடு விளையாடும் மரபுக்குத் தமிழில் உள்ள விரிவான இலக்கியச் சான்று கலித்தொகையின் முல்லைக்கலி. சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் பதிப்பித்து வழங்கிய கலித்தொகையில் முல்லைக்கலிப் பாடல்கள் பதினேழு. சோழன் நல்லுருத்திரன் பாடியவை எனக் கூறப்படும் அவற்றுள் முதல் ஏழும் ஏறு தழுவுதலைச் சித்திரிப்பவை. ஏற்றின் கொம்புக்கு அஞ்சுவானை ஆயர்மகள் மறுபிறப்பிலும் விரும்பாள் என்னும் கருத்து மேடைதோறும் எடுத்தாளப்படுவது. அதனைச் சொல்வோர் அப்பாடல்களின் மற்றொரு பகுதியைச் சொல்வதில்லை.

முல்லைக்கலிப் புலவர் காயத்தை மறைத்தவரல்லர். கொம்பு பாய்ந்து குடல் சரிந்த இளைஞனை அவர் காட்டுகிறார். குருதி வழியும் களத்தைக் காட்டுகிறார். கொண்டாட்டத்தின் நடுவே உடல் சிதைவதை விழிமூடாது பார்க்கச் செய்கிறார். வெற்றி பெற்றவனை மட்டும் பாடிவிட்டு வீழ்ந்தவனைத் திரையிட்டு மறைப்பது பிற்கால வழக்கமே அன்றிச் சங்க மரபன்று.

மற்றொன்றும் கருதத்தக்கது. முல்லைக்கலியில் ஏறுகள் தொழு என்னும் அடைப்புக்குள் விடப்படுகின்றன. தழுவ விரும்புவோர் உள்ளே பாய்கின்றனர். மகளிர் பரண்மீது நின்று காண்கின்றனர். விளையாடுவோர் யார், காண்போர் யார் என்பதில் குழப்பம் இல்லை. உள்ளே நுழைந்தவன் இடரைத் தானே தேர்ந்தவன். பரண்மேல் நின்றவள் அதனைத் தேராதவள். இந்த எல்லைக்கோடே விளையாட்டை விளையாட்டாக வைத்திருந்தது.

வட ஆர்க்காட்டுப் பகுதியின் எருது விடும் விழா இவ்வமைப்பிலிருந்து வேறுபட்டது. மதுரைப் பக்கத்துச் சல்லிக்கட்டில் இளைஞன் திமிலைப் பற்றித் தழுவுகிறான். போட்டி அவனுக்கும் காளைக்கும். திருப்பத்தூர், வேலூர் பகுதிகளில் காளை பிடிக்கப்படுவதில்லை, ஓடவிடப்படுகின்றது. கிருட்டினகிரி, ஓசூர்ப் பக்கத்தில் கொம்புகளில் தட்டி கட்டி, அதனைப் பறிப்பதும் உண்டு. இங்கோ ஊர் வீதியின் ஒரு முனையில் அவிழ்த்துவிடப்படும் காளை, குறித்த தொலைவை மிகக் குறைந்த நொடிகளில் கடக்கவேண்டும். போட்டி காளைக்கும் கடிகாரத்துக்கும் இடையே. நாட்றம்பள்ளி, கந்திலி தொடங்கிக் காட்பாடி, அணைக்கட்டு, கே. வி. குப்பம் வரை பொங்கலை ஒட்டித் தொடங்கும் இவ்விழாக்கள் தை, மாசி மாதங்களில் ஊர் ஊராக நடைபெறும். கொம்புக்கு வண்ணம் தீட்டி, கழுத்துக்கு மாலையும் சலங்கையும் பூட்டி, காளையை வேற்றூர்களுக்கும் வண்டியில் ஏற்றிச் செல்வர். ஆண்டு முழுவதும் அதற்குத் தீனி வைத்தவர், தண்ணீர் காட்டியவர் பெரும்பாலும் வீட்டுப் பெண்களே. பரிசு வாங்க மேடையேறுவோர் மட்டும் ஆடவர்.

காளையைத் தழுவுவோன் என ஒருவன் இல்லாத இவ்விளையாட்டில், வீதியின் இருமருங்கிலும் நிற்கும் இளைஞர் அனைவரும் தாமே விளையாடுவோராகி விடுகின்றனர். பாய்ந்தோடும் காளையின் முதுகைத் தட்டுவதும், முன்னே குதித்து விலகுவதும், தடுப்பைத் தாண்டி உள்ளே வருவதும் துணிவின் அடையாளங்களாகக் கருதப்படுகின்றன. ஒரு காளை கடந்துவிட்டதென்று வீதியின் நடுவே திரண்ட கூட்டத்துக்குள் அடுத்த காளை வந்து பாய்கின்றது. ஓடி முடித்த காளை எல்லைக்கோட்டுக்கு அப்பால் நிற்பதுமில்லை. அங்கு விழாவைக் காணாமல் வழிநடந்தோரும் முட்டப்பட்டதுண்டு. இவ்விழாக்களில் காயமுற்றோர் பட்டியலிலும் உயிரிழந்தோர் பட்டியலிலும் வேடிக்கை பார்க்க வந்தோரின் பெயர்கள் மீண்டும் மீண்டும் இடம்பெறுவதற்கு இதுவே காரணம். தொழுவில் இருந்த எல்லைக்கோடு வீதியில் அழிந்துவிட்டது. குறை இளைஞரின் துணிவில் இல்லை. கோடு இல்லாமையில் உள்ளது.

சட்டம் வந்த வழி

அழிந்த அக்கோட்டை மீண்டும் வரையும் முயற்சியாகவே இருபத்தொன்றாம் நூற்றாண்டின் சட்ட வரலாற்றைக் காணவேண்டும். 2006இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் தனி நீதிபதி இவ்விளையாட்டுகளுக்குத் தடை விதித்தார். 2007இல் இருவர் அமர்வு அத்தடையை நீக்கி, ஒழுங்குபடுத்தி நடத்தும் வழியைக் காட்டியது. 2009இல் தமிழ்நாடு சல்லிக்கட்டு ஒழுங்குமுறைச் சட்டம் இயற்றப்பட்டது. அச்சட்டம் சல்லிக்கட்டு என்னும் சொல்லுக்கு விளக்கம் தருமிடத்தில் மஞ்சுவிரட்டு, ஊர்மாடு, வடமாடு ஆகியவற்றோடு எருது விடும் விழாவையும் பெயர் சுட்டிச் சேர்த்தது. மாவட்ட ஆட்சியரின் முன் இசைவு, இரட்டைத் தடுப்பு, காளைகளுக்கும் வீரர்க்கும் மருத்துவச் சோதனை என்பன கட்டாயமாயின. வடபகுதிச் சிற்றூர் விழா ஒன்று சட்டநூலுள் தன் பெயரோடு இடம்பெற்ற வரலாறு இது.

2011 சூலையில் நடுவண் அரசு, காட்சிப்படுத்தவும் பழக்கவும் கூடாத விலங்குகளின் பட்டியலில் காளையைச் சேர்த்தது. 2014 மே 7இல் உச்சநீதிமன்றம், காளையின் துன்பத்தை முதன்மையாகக் கருதி, இவ்விளையாட்டுகளுக்குத் தடை விதித்தது. 2009ஆம் ஆண்டுச் சட்டமும் செல்லாதென அறிவிக்கப்பட்டது. 2017 சனவரியில் அலங்காநல்லூரிலும் சென்னைக் கடற்கரையிலும் வேலூர் உள்ளிட்ட பல நகரங்களிலும் மாணவரும் இளைஞரும் திரண்டனர். சனவரி 21இல் அவசரச் சட்டம் பிறந்தது. 23இல் சட்டமன்றம் திருத்தச் சட்ட முன்வடிவை நிறைவேற்றியது. 2023 மே 18இல் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு அத்திருத்தச் சட்டம் செல்லும் எனத் தீர்ப்பளித்தது.

இவ்வரலாற்றில் இளைஞர் பெற்றது உரிமை. ஆனால் அவ்வுரிமை விதிகளோடு பிணைந்தே வந்தது. கடற்கரையில் இரவுபகலாக அமர்ந்து அமைதி காத்து, குப்பையைத் தாமே பொறுக்கி, போக்குவரத்தைத் தாமே ஒழுங்குபடுத்திய அத்தலைமுறைக்குக் கட்டுப்பாடு என்பது அயலார் திணித்த தளையன்று. அவர்கள் அதனைத் தாமே வரித்துக்கொள்ள வல்லவர் என்பதற்கு 2017 சனவரி நாட்களே சான்று. எனினும் 2023 பிப்ரவரி 2இல் ஓசூரை அடுத்த கோபசந்திரத்தில் எருது விடும் விழாவுக்கு இசைவு காலந்தாழ்ந்தபோது, இளைஞர் தேசிய நெடுஞ்சாலையை மறித்தனர்; கற்கள் பறந்தன. ஒரே தலைமுறையின் இரு முகங்கள் இவை. இசைவு உரிய காலத்தில் கிடைக்கும் என்னும் நம்பிக்கை இருந்தால் விதி மதிக்கப்படும். விதி என்பது விழாவைத் தடுக்கும் தந்திரம் என்னும் ஐயம் எழுந்தால், தடுப்புக் கட்டையைத் தாண்டுவதே வீரமாகத் தோன்றும். காப்பு விதிகளை எழுதுவோரும் செயற்படுத்துவோரும் இதனை நெஞ்சிற்கொள்ள வேண்டும்.

தேர்ந்த இடரும் தேராத இடரும்

இப்பகுதி இளைஞரின் துணிவை அவர்தம் அன்றாட வாழ்விலிருந்து பிரித்துப் பார்த்தல் முறையன்று. பாலாற்றங்கரையில் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை என நீளும் தோல் தொழில் வட்டாரம் இது. ஊறவைத்த தோலின் வாடையோடு வளர்ந்த தலைமுறைகள் பல. காலணித் தொழிலகங்களில் தையல் எந்திரத்தின்முன் அமர்ந்திருப்போருள் பெரும்பாலோர் பெண்கள்.

இவ்வட்டாரத்தின் துன்பம் இந்தியச் சட்டத்துக்கு ஒரு கொள்கையையே தந்தது. தோல் பதனிடும் ஆலைகளின் கழிவுநீர் பாலாற்றையும் கிணறுகளையும் கெடுத்ததை எதிர்த்து வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996 ஆகத்து 28இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. முன்னெச்சரிக்கைக் கொள்கை இந்தியச் சுற்றுச்சூழல் சட்டத்தின் ஒரு பகுதி என அத்தீர்ப்பு நிலைநாட்டியது. கேடு வந்தபின் வருந்துவதினும் வருமுன் தடுப்பது அரசின் கடமை. தன் செயல் தீங்கற்றது என மெய்ப்பிக்கும் பொறுப்பு அச்செயலைச் செய்வோனுடையது. நாடெங்கும் சட்டக் கல்லூரிகளில் பயிலப்படும் இக்கொள்கையின் பெயரோடு வேலூரின் பெயர் ஒட்டிக்கொண்டுள்ளது.

கொள்கை பிறந்த மண்ணிலேயே அது எல்லார்க்கும் எட்டவில்லை என்பது வரலாற்றின் முரண். 2015 சனவரி 31ஆம் நாள், இராணிப்பேட்டையில் தோல் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் தொட்டிச் சுவர் இடிந்து, கழிவுச் சேறு அடுத்திருந்த தொழிற்கூடத்துள் பாய்ந்ததில், உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் பத்துப்பேர் மடிந்தனர். அவர்கள் எந்தக் காளையின் முன்னும் நின்றவரல்லர். எந்த மலையையும் ஏறியவரல்லர். பிழைப்புக்காக வந்து, களைப்பால் கண்ணயர்ந்தவர்கள்.

இடர் இருவகைப்படும். ஒன்று தேர்ந்த இடர். மற்றொன்று தேராத இடர். எருதின் முன் நிற்கும் இளைஞன் முதல்வகை இடரை விரும்பி ஏற்கிறான். தன் உடலின் விரைவையும் நெஞ்சின் உறுதியையும் தானே அளந்து பார்க்கும் வாய்ப்பை அது அவனுக்குத் தருகின்றது. ஆண்டு முழுவதும் தன் சொல் செல்லாத இடத்தில், தான் தேராத இடரோடு வாழ்பவனுக்குத் தையில் ஒருநாள் தான் தேர்ந்த இடரின்முன் தலைநிமிர்ந்து நிற்பது பெருமிதமாகத் தோன்றுவதில் வியப்பில்லை. அப்பெருமிதத்தை எள்ளுவோர் அவனை அறியாதவர். அப்பெருமிதத்தை மட்டும் ஏத்தி, அவன் விழுந்தால் தூக்கிச்செல்ல வண்டி நிற்கிறதா எனக் கேளாதவரும் அவனை அறியாதவரே.

வள்ளுவர் இதனைத் தெளிவுறக் கண்டார். அஞ்சத்தக்கதைக் கண்டு அஞ்சாதிருத்தல் அறியாமை என்னும் கருத்தை அவர் அச்சத்தைப் பேசும் இடத்தில் வைக்கவில்லை. அறிவுடைமை அதிகாரத்தில் வைத்தார். படைச்செருக்கைப் பாடியவரும் அவரே. அவர் நூலில் இரண்டும் மோதிக்கொள்வதில்லை. எதற்கு அஞ்சுவது, எதற்கு அஞ்சாதிருப்பது எனப் பகுத்தறிவதே அறிவு. அவ்வறிவு உள்ளவனிடத்திலேயே வீரம் வீணாகாது நிற்கும்.

மலைக்கு மீண்டும்

மலைபடுகடாம் காட்டிய மலைவழிகளுக்கு இன்றைய இளைஞர் மீண்டும் செல்கின்றனர். ஏலகிரிக்கு ஏறும் சாலையின் பதினான்கு கொண்டையூசி வளைவுகளுக்கும் தமிழ்ப் புலவர், வள்ளல்களின் பெயர்களே இடப்பட்டுள்ளன. விரைவைக் குறைக்கவேண்டிய ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு புலவரோ வள்ளலோ நின்று எச்சரிப்பதுபோன்ற ஏற்பாடு அது. இரு சக்கர வண்டியில் விரையும் இளைஞன் அப்பெயர்களைப் படிக்குமளவு மெல்லச் சென்றால் அதுவே அப்பெயர்களுக்குச் செய்யும் மரியாதை.

மலையேற்றம் எத்துணைக் கவனம் வேண்டுவது என்பதைத் தமிழகம் 2018இல் பெருவிலை கொடுத்துக் கற்றது. அவ்வாண்டு மார்ச் 11ஆம் நாள் தேனி மாவட்டத்தில் கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கிய மலையேற்றக் குழுவினர் காட்டுத்தீயில் சிக்கினர். இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவருள் பலர் இளம்பெண்கள். தீ பற்றிய காலத்தில் புல்வெளியின் வழியை அறிந்து சொல்ல உரியவர் உடனிருந்திருந்தால் என்னும் ஏக்கம் அன்று எல்லார் நெஞ்சிலும் எழுந்தது. அவ்வாண்டே மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தும் விதிகள் வகுக்கப்பட்டன. 2024 அக்டோபரில் வனத்துறை, மாநிலமெங்கும் 40 வழிகளைத் தெரிந்தெடுத்து மலையேற்றத் திட்டமொன்றைத் தொடங்கியது. அவ்வழிகளில் வழிகாட்டிகளாகப் பயிற்சி பெற்றோர் அவ்வக்காட்டை ஒட்டி வாழும் பழங்குடி இளைஞரும் சிற்றூர் இளைஞருமே.

வழி தவறினால் இசையெழுப்புங்கள். கானவர் வந்து வழிகாட்டுவர் என்று நன்னன் நாட்டுக் கூத்தன் சொன்னதன் இன்றைய வடிவம் இது. காட்டை அறிந்தவனின் கையைப் பற்றிக்கொண்டு காட்டைக் காண்பதில் இழிவு ஏதுமில்லை. மலையேறுவோனின் பெருமையும் அதனால் குறைவதில்லை. வழிகாட்டும் இளைஞனுக்கோ தன் முன்னோரின் அறிவே ஊதியமாகிறது.

கவிஞர் கடன்

குரங்கணிக்குப் பின் மலைக்கு வழிகாட்டி வந்துவிட்டான். எருது விடும் வீதிக்கு இன்னும் முழுமையாக வரவில்லை. தடுப்புகள் கட்டப்படுகின்றன, மருத்துவக் குழு நிற்கின்றது, காவலர் வருகின்றனர். இவையனைத்தும் அரசு செய்வன. ஊர் செய்யவேண்டியது ஒன்று எஞ்சியிருக்கிறது. தடுப்பைத் தாண்டுவது வீரமன்று, தடுப்புக்கு உள்ளே நிற்கும் தம்பியைக் கையைப் பிடித்து வெளியே இழுப்பதே வீரம் என்னும் எண்ணத்தை அது வளர்க்கவேண்டும். சட்டத்தால் அதனை வளர்க்க இயலாது. சொல்லால் இயலும். சொல் கவிஞர் கையில் உள்ளது.

பொங்கல்தோறும் கவியரங்குகளில் காளையைப் பற்றிய பாடல்கள் குறைவின்றி ஒலிக்கின்றன. சீறும் திமிலும் சிவந்த விழியும் எதிர்நிற்கும் தோள்களும் அவற்றில் நிறைந்துள்ளன. வீழ்ந்தவனின் தாய் அவற்றில் அரிதாகவே வருகிறாள். கல் நட்ட சங்கன் மகன் வருவதேயில்லை. முல்லைக்கலிப் புலவர் குருதியைக் கண்டு முகந்திருப்பவில்லை. நடுகல் பொறித்தவன் சாவை மறைக்கவில்லை. பெருங்கௌசிகனார் பொறியும் பாம்பும் கவண்கல்லும் இருக்குமிடத்தைச் சொல்லக் கூசவில்லை. மரபைப் போற்றுவோர் இம்மூன்றையும் சேர்த்தே போற்றவேண்டும்.

இளமை துணியத்தான் செய்யும். துணியாத இளமையால் மலை ஏறப்பட்டிருக்காது, நிரை மீட்கப்பட்டிருக்காது, 2017இன் சனவரியும் நிகழ்ந்திருக்காது. அத்துணிவை அடக்குவதன்று மூத்தோர் வேலை. முன்சென்றவர் என்ற முறையில் வழி பிரியும் இடத்தில் நின்று, தவறான தடத்தைத் துடைத்து, ஒரு பிடிப் புல்லை முடிந்து வைப்பதே அவர் வேலை. நவிரமலையின் அடிவாரத்தில் என்றோ முடியப்பட்ட அப்புல் காய்ந்து உதிர்ந்திருக்கும். முடியச் சொன்ன பாட்டு இன்னும் இருக்கின்றது.